உழவர் துயர்நீக்கப் பணமும் ஊரறிய வேண்டிய கணக்கும்

(பொங்கல் விழாவையொட்டி, அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று காலை இவ்வரங்கின் வாயிலில் அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டோம். பிள்ளைகள் உரத்த குரலில் "பொங்கலோ பொங்கல்" என்றனர். உழவர் திருநாளில் உழவரைப் போற்றிப் பேசுதல் எளிது. மேடைதோறும் அதனைச் செய்துவருகிறோம். ஆனால் மழை பொய்த்த ஆண்டிலும் புயல் அடித்த ஆண்டிலும் அந்த உழவர்க்கென அரசு ஒதுக்கும் பணம் அவர் கையில் போய்ச் சேருகின்றதா என்று கேட்போர் சிலரே. இன்று அதனைப் பற்றியே பேச விழைகின்றேன். அதற்குக் காரணமாய் அமைந்தது, என் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒரு தலைகுனிவு.

வங்கிப் புத்தகத்தில் கண்ட ஒரு வரி

காவிரிப் படுகையில் உள்ள எங்கள் ஊரில் எனக்கு மூன்று ஏக்கர் நன்செய் உண்டு. தந்தையார் மறைந்தபின் பட்டா என் பெயருக்கு மாறியது. நான் அந்த நிலத்தில் ஒரு நாளும் ஏர் பூட்டியவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை உழுது பயிரிட்டு வருபவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையே எழுத்து மூலமான குத்தகை ஆவணம் எதுவும் இல்லை. சொல்லே ஆவணம்.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. காவிரியிலும் நீர் வரவில்லை. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் அனைத்து மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று மாநில அரசு அறிவித்தது. அடுத்த மாதம் ஏறத்தாழ 32 இலட்சம் உழவர்களுக்கு 2,247 கோடி ரூபாய் துயர்நீக்கத் தொகை அறிவிக்கப்பட்டது. நெற்பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5,465 ரூபாய். அந்த ஆண்டு எங்கள் நிலத்தில் நட்ட பயிர் கருகிப்போயிற்று என்பதையும், பெரியவர் தம் கறவை மாடுகளை விற்றுக் கடன் அடைத்தார் என்பதையும் தொலைபேசியில் அம்மா சொல்லக் கேட்டேன். வருந்தினேன். பிறகு மறந்தேன்.

2019இல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, அம்மாவுடன் கூட்டாக வைத்திருந்த வங்கிக் கணக்கின் புத்தகத்தில் வரவுகளைப் பதிந்து வாங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வரவு வைக்கப்பட்ட ஒரு தொகை கண்ணில் பட்டது: 16,395 ரூபாய். மூன்று ஏக்கருக்குரிய வறட்சிப் பணம்! பயிரிட்டவர் மாட்டை விற்றார். பயிரிடாதவன் கணக்கில் பணம் உறங்கியது. நான் கேட்டுப் பெற்ற பணம் அன்று. எவரும் திருடிய பணமும் அன்று. பட்டாவில் இருந்த பெயருக்குப் பணம் வந்தது, அவ்வளவே.

பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் அன்றே விசாரித்திருக்கிறார். "லிஸ்டு மேல போயிடுச்சுன்னாங்க தம்பி. யார் பேருல போச்சுன்னு நான் எங்க போயி கேக்குறது?" என்றார். அந்தக் கேள்விதான் இவ்வுரையின் கருப்பொருள். யார் பெயரில் எவ்வளவு பணம் போயிற்று என்பதை ஊரிலுள்ள ஓர் உழவர் எங்கே போய்க் கேட்பது?

அமெரிக்காவில் திறக்கப்பட்ட கணக்கு

இளையோர்களே, நீங்கள் பிறந்து வளர்ந்த இந்நாட்டிலும் இதே கேள்வி எழுந்தது. இங்கு வறட்சி, வெள்ளம், பனி ஆகியவற்றால் பயிரும் கால்நடையும் அழியும்போது அமெரிக்க வேளாண் துறை உழவர்களுக்கு இழப்பீடு வழங்குகிறது. அது உங்கள் பெற்றோர் செலுத்தும் வரிப்பணம். ஆயினும் நெடுங்காலம் அப்பணத்தைப் பெறுவோர் யாவர் என்பதை மக்கள் அறிய இயலவில்லை. அது உழவரின் தனிப்பட்ட செய்தி என்று துறை மறுத்துவந்தது.

இந்நாட்டின் தகவல் சுதந்திரச் சட்டம் 1966இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ், பருத்திக்கான அரசுத் தொகை பெற்றோரின் பெயர்களைக் கேட்டு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வழக்குத் தொடுத்தது. 1996இல் நீதிமன்றம் நாளிதழின் பக்கம் தீர்ப்பளித்தது. அரசுப் பணம் எவர்க்குச் செல்கிறது என்பதை அறிவதில் மக்களுக்குள்ள நலன் பெரிது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன்பின் என்விரான்மெண்டல் வொர்க்கிங் குரூப் என்னும் வாஷிங்டன் நகரத் தொண்டு அமைப்பு, வேளாண் துறையின் கொடுப்பனவுப் பதிவுகளைக் கேட்டுப் பெற்று, 2001 நவம்பரில் அவற்றை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும் வகையில் வெளியிட்டது. பெயரைக் கொண்டோ அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டோ தேடினால், எந்தப் பண்ணை எந்த ஆண்டு எத்திட்டத்தில் எவ்வளவு பெற்றது என்பது தெரியவந்தது. இடர்க்காலத் தொகைகளும் அதில் அடங்கும்.

பணத்தின் பெரும்பங்கு எண்ணிக்கையில் மிகச் சிலரான பெரும் பண்ணையாளர்க்கே செல்கிறது என்பதைச் சிறு உழவர்கள் அதுவரை உணர்ந்திருந்தனர். அதன்பின் எண்ணிக்கையாகக் கண்டனர். பெருநகரில் குடியிருந்துகொண்டு நிலத்தின் பெயரால் பணம் பெறுவோரும் அப்பட்டியலில் இருந்தனர். அதைப் படித்தபோது எனக்கு என் வங்கிப் புத்தகம் நினைவுக்கு வந்தது.

வெளிச்சத்தில் தெரிந்தவை

2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர்கள் இத்தகைய பதிவுகளை ஆராய்ந்து தொடர் கட்டுரைகள் எழுதினர். அவர்கள் கண்ட ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

2002இல் கடும் வறட்சி நிலவியபோது கால்நடை வளர்ப்போர்க்கென ஒரு துயர்நீக்கத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் வறட்சி அறிவிக்கப்பட்ட கவுண்டிகளுக்கு மட்டுமே பணம் என்று விதி இருந்தது. ஏனைய பகுதியினர் தத்தம் உறுப்பினர்களிடம் முறையிட்டனர். 2003இல் நாடாளுமன்றம் அந்த வரம்பை நீக்கியது. எவ்வகைப் பேரிடராயினும் சரி, இடர்ப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட கவுண்டியாக இருந்தால் போதும் என்றாயிற்று.

அதன் விளைவு என்ன? 2003 பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்ணோடம் டெக்சாசு வானில் சிதறியதை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டோம். கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரை அன்று இழந்தோம். சிதறிய பாகங்கள் விழுந்தமையால் டெக்சாசின் சில கவுண்டிகள் இடர்ப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பைக் காட்டி, அங்கிருந்த கால்நடை உரிமையாளர்கள் வறட்சிக்கென ஒதுக்கிய பணத்தைப் பெறத் தகுதி பெற்றனர்! அவர்களின் மாடுகளுக்கு அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை. இரண்டு ஆண்டுகளில் இத்திட்டம் செலவிட்ட 120 கோடி டாலரில் 63.5 கோடி டாலர், வறட்சி மிதமாக இருந்த அல்லது அறவே இல்லாத பகுதிகளுக்குச் சென்றது என்று அந்நாளிதழ் கணக்கிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பணம் பெற்றோர் பலரும் சட்டத்தை மீறியவர் அல்லர். விதி அவ்வாறு இருந்தது, விண்ணப்பம் வந்தது, கையொப்பமிட்டனர். தவறு ஆளிடம் இல்லை, விதியில் இருந்தது. ஆனால் ஆட்களின் பட்டியல் வெளிவந்தமையாலேயே விதியின் ஓட்டை தெரிந்தது.

மறு ஆண்டு, 2007இல், நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் வேளாண் துறையின் கொடுப்பனவுகளை இறந்தோர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தது. 1999 முதல் 2005 வரை 1,72,801 இறந்தோர் பெயரில் 110 கோடி டாலர் வழங்கப்பட்டிருந்தது. சொத்துப் பிரிவினை முடியும்வரை இறந்தவர் பெயரில் பணம் வழங்கச் சில நேர்வுகளில் விதியில் இடமுண்டு என்பது உண்மையே. ஆனால் அத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு, இறந்து மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவர்கள் பெயரில் சென்றிருந்தது.

இவ்வெளிச்சத்தால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டு வேளாண் சட்டம், மேய்ச்சல் நிலம் வறண்டோர்க்கான உதவியை அமெரிக்க வறட்சி கண்காணிப்பு வரைபடத்துடன் இணைத்தது. அவ்வரைபடம் வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடப்படுகிறது; எவரும் காணலாம். மேய்ச்சல் பருவத்தில் தொடர்ந்து எட்டு வாரம் கடும் வறட்சி பதிவாகியிருக்க வேண்டும், அல்லது அதனினும் கொடிய வறட்சி ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அன்று விதி வகுக்கப்பட்டது. எவரை அறிவார், எந்த உறுப்பினரை அணுகினார் என்பதற்கு அங்கே வேலை குறைந்தது.

விடுபட்டோரைக் காட்டுவதும் பட்டியலே

பட்டியல் என்றவுடன், பெறத்தகாதவர் பெற்றதைப் பிடிப்பதற்கான கருவி என்றே நாம் எண்ணுகிறோம். பெறத்தக்கவர் பெறாததைக் காட்டுவதும் அதுவே. வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகங்கள் கடனிலும் இடர்க்கால உதவியிலும் தம்மை நிறத்தின் காரணமாக ஒதுக்கின என்று கறுப்பின உழவர்கள் பல்லாண்டுகள் முறையிட்டனர். முறையீடுகளை ஆராய வேண்டிய பிரிவே 1980களில் செயலற்றுக் கிடந்தது. பிக்ஃபோர்டு வழக்கு என்று அறியப்படும் வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டது; ஏறத்தாழ 100 கோடி டாலர் வழங்கப்பட்டது. ஆனால் அதற்குள் எத்தனை குடும்பங்கள் நிலத்தை இழந்துவிட்டன! பக்கத்துப் பண்ணை எவ்வளவு பெற்றது, நான் எவ்வளவு பெற்றேன் என்று ஒப்பிட்டுக் காண வழியில்லாத ஒருவர், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எவ்வாறு மெய்ப்பிப்பார்?

மீண்டும் மூடப்படும் கதவுகள்

திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. கூட்டு நிறுவனங்களின் பெயரில் செல்லும் பணம் இறுதியில் எந்தத் தனிமனிதரைச் சேருகிறது என்பதைத் துறை தொகுத்துவைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. அத்தரவும் 2007இல் இணையத்தில் வெளிவந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

அதனினும் முக்கியமானது பயிர்க் காப்பீடு. உழவர் செலுத்த வேண்டிய காப்பீட்டுக் கட்டணத்தில் சராசரியாக ஏறத்தாழ 60 விழுக்காட்டை இந்நாட்டரசே செலுத்துகிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் நேரடித் தொகைகளை நிறுத்திக் காப்பீட்டை வலுப்படுத்தியது. ஆனால் காப்பீடு பெற்ற தனி உழவரைப் பற்றிய செய்திகளை வெளியிடலாகாது என்று காப்பீட்டுச் சட்டம் தடுக்கிறது. கவுண்டிவாரியாகவும் பயிர்வாரியாகவும் தொகை தெரியும், பெயர் தெரியாது. விளக்கு எரியும் அறையிலிருந்து விளக்கில்லாத அறைக்குப் பணம் இடம்பெயர்ந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

தனியுரிமை என்னும் வாதம்

பெயரை வெளியிடுதல் உழவரை இழிவுபடுத்தாதா என்ற கேள்வி நேர்மையான கேள்வி. கடன்பட்ட குடும்பம் உதவி பெற்றதை ஊரெல்லாம் பறைசாற்ற வேண்டுமா? ஐரோப்பாவில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. செருமனியின் ஹெசன் மாநில உழவர் தரப்பினர் தொடுத்த வழக்கில், தொகை பெற்ற தனிமனிதர் அனைவரின் பெயரையும் வேறுபாடின்றி வெளியிடும் விதி செல்லாது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் அத்துடன் கதவைச் சாத்திவிடவில்லை. 2013இல் விதியைத் திருத்தி, மிகச் சிறு தொகை பெறும் சிறு உழவரின் பெயரை மறைத்து, மற்றோர் பெயரை வெளியிடச் செய்தது. எளியவரின் மானத்தையும் காக்கலாம், பொதுப்பணத்தின் கணக்கையும் காட்டலாம் என்பதற்கு அஃது ஒரு சான்று.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். உழவரின் கடன், நோய், குடும்பச் சிக்கல் ஆகியவை அவர்க்கே உரியவை. அவற்றை அறிய எவர்க்கும் உரிமை இல்லை. ஆனால் நிலத்தின் அளவு, சாகுபடி செய்தவர் பெயர், வழங்கிய தொகை ஆகிய மூன்றும் ஊர்ப்பணத்தின் கணக்கு. அவை ஊரறிய இருத்தல் வேண்டும்.

நம் மண்ணில் உள்ள வழி

இவ்வறிவை நாம் மேலை நாடுகளிடம் மட்டுமே கற்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் பிறந்த அருணா ராய் அவர்களும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, 1994 திசம்பரில் இராசத்தானின் சிற்றூர் ஒன்றில் மக்கள் மன்றத்தைக் கூட்டியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகளை ஊரார் முன்னிலையில் உரக்கப் படித்தனர். வேலை செய்யாதோர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அங்கே வெளிப்பட்டது. எழுத்தறியாத உழைப்பாளியும் அக்கணக்கைத் தணிக்கை செய்ய முடிந்தது. ஏனெனில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதை ஊரறியும். அத்தகைய போராட்டங்களே 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்டன. அதற்கு முன்பே, 1997இல், இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் தமிழ்நாடு இத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. ஆயினும் அதில் விலக்குகள் மிகுதி.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவை இளையோர் அனைவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறை, ஒதுக்கிய தொகை, பயன்பெறுவோர் விவரம் ஆகியவற்றை எவரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்று அது பணிக்கிறது. கேட்டுப் பெற விரும்புவோர் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். முப்பது நாளில் விடை தர வேண்டும். ஆனால் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதன் எட்டாம் பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலை மறுப்பதற்கான விலக்கை விரிவாக்கியுள்ளது. பொதுநலன் கருதி வெளியிடலாம் என்னும் பொதுவிதி அதே பிரிவில் வேறிடத்தில் இன்னும் இருக்கின்றது. நான்காம் பிரிவும் அப்படியே இருக்கின்றது. அவற்றைப் பற்றிக்கொண்டு கேட்க வேண்டியது குடிமக்களின் கடமை.

தமிழ்நாட்டில் இடர்க்காலத் தொகை கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பில் தொடங்கி, வட்டாட்சியர் வழியாக மேலே செல்கிறது. குத்தகை உழவரின் உரிமையைப் பதிவதற்கென 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. எனினும் வாய்மொழிக் குத்தகையே ஊர்களில் மிகுதி. ஆகவே பட்டாவில் உள்ள பெயரே பட்டியலில் ஏறுவது எளிதாகிவிடுகிறது. அப்பட்டா இன்று எவர் பெயரில் இருக்கிறது? சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும், இதோ இவ்வரங்கிலும் அமர்ந்திருக்கும் நம் பெயரில் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

பெற்றோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, ஊரிலுள்ள உங்கள் வங்கிக் கணக்கின் வரவுகளைப் பார்த்துவாருங்கள். 2017இன் வறட்சிப் பணம், 2018 நவம்பரில் வீசிய கசா புயலின் இழப்பீடு முதலியன உங்கள் பெயரில் வந்திருக்கக்கூடும். வந்திருந்தால் பயிரிட்டவரிடம் சேர்ப்பியுங்கள். இரண்டாவது, பயிரிடுபவர் பெயரை அடங்கலில் பதிவதற்கு இசைவு தாருங்கள். நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தால்தான் நாம் இதனைத் தவிர்க்கிறோம். அவ்வச்சத்தின் விலையை வேறொருவர் செலுத்துகிறார். மூன்றாவது, ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டப்படுகிறதா என்று உறவினரிடம் கேளுங்கள். இந்தியக் குடியுரிமை உடையோர் இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். இந்நாட்டுக் குடியுரிமை பெற்றோர்க்கு அவ்வுரிமை இல்லை. ஊரில் உள்ள அத்தை மகனுக்கும் சித்தப்பாவுக்கும் உண்டு.

இளையோர்களே, நீங்கள் வாழும் கவுண்டியின் அஞ்சல் எண்ணை இட்டு, இடர்க்காலத் தொகை எங்கே சென்றது என்று பாருங்கள். அயலாரைப் பற்றிப் புறங்கூறுவதற்காக அன்று. விதி எங்கே பழுதுபட்டிருக்கிறது என்று கற்பதற்காக. பிறகு உங்கள் தாத்தா, பாட்டியின் ஊருக்கு அத்தகைய பட்டியல் கிடைக்குமா என்று தேடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இங்கே கூடியிருக்கும் மூத்தோரிடம் கேட்பதற்கு உங்களுக்கு நிறையக் கேள்விகள் கிடைக்கும். கூச்சமின்றிக் கேளுங்கள். எங்களுக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கும், அது நல்லதே.

இறுதியாக, அந்த 16,395 ரூபாய். அதனை வங்கியிலிருந்து எடுத்துப் பெரியவர் வீட்டிற்குக் கொண்டுசென்றேன். அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. "அம்மாகிட்ட கேட்டா தப்பா நெனச்சுக்குவாங்களோன்னு தான் அப்பவே கேக்கல" என்று மட்டும் சொன்னார். பிறகு வாங்கினார். விற்ற மாடுகள் திரும்பவில்லை. இரண்டு ஆண்டு வட்டியும் திரும்பவில்லை. முப்பது ஆண்டு பழகிய குடும்பத்திடம் தம் உழைப்புக்குரிய பணத்தைப் பற்றி வாய்திறந்து கேட்க அவரால் இயலவில்லை. ஒரு தாளில் பெயரையும் தொகையையும் எழுதி ஊர்ச் சுவரில் ஒட்டியிருந்தால், அவர் கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அம்மாவே அன்று மாலை அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்.

அடுத்த பொங்கலுக்குள் நம்மில் பத்துக் குடும்பங்களேனும் தத்தம் ஊரில் அந்தப் பெயர்ப் பதிவைச் செய்து முடிப்போம். செய்தவர்கள் இம்மேடையில் ஏறி அதனைச் சொல்லுங்கள். நானும் சொல்வேன்.